எக்சோஸ் மாற்றினால் கார் பறக்குமா, மச்சான்?

மச்சான்,

இன்று காலை ரந்தாவ் கடைத்தெருவில் ரொட்டி சானாய்க்காக நின்றிருந்தேன். பக்கத்தில் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. புதிதாக எக்சோஸ் மாற்றிய கார் என்பது நாற்றத்திலேயே தெரிந்துவிட்டது. புதுப் புகைக்குழாய் முதன்முதலாகச் சூடேறும்போது உள்ளே அடைத்திருக்கும் பஞ்சும் மேலே பூசிய எண்ணெயும் கருகி ஒரு வாடை அடிக்குமே, அதுதான். "பயப்படாத லா, ரெண்டு நாளு நாறும், அப்புறம் சரியாயிரும்" என்று நீ எனக்குச் சொன்ன அதே வாடை. ரொட்டிக்காரர் பொட்டலத்தை நீட்டியதைக் கவனிக்காமல் நின்றிருக்கிறேன். "அண்ணே, எடுங்க" என்று மறுபடி கூப்பிட்ட பிறகுதான் கை நீட்டினேன்.

நீ போய் ஓராண்டு ஆகப்போகிறது. இந்நேரம் உன்னை நினைத்தால் கண் கலங்கும் என்று எண்ணியிருந்தேன். கோபம்தான் வருகிறது. இறந்தவனைப் பற்றிக் குறை பேசினால் கேட்பவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள், பேச்சை மாற்றுகிறார்கள். அதனால் உன்னிடமே பேசுகிறேன். இதை முழுதாகக் கேட்க வேண்டியவன் நீதானே.

உனக்கு எக்சோஸ் பற்றித் தெரியாது என்றிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது. தெரியாமல் ஒருவன் பொய் சொன்னால் மன்னித்துவிட்டுப் போகலாம். உனக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் பக்கத்தில் யாருக்கும் தெரியாது. சிரம்பானில் எக்சோஸ் பட்டறை முதலாளி டோவ்கேயிடம் நீ வேலைக்கு இருந்த காலத்தில், சாயங்காலம் கடை மூடியதும் இருவரும் ரஹாங்கில் தேநீர் குடிப்போம். நான் லாபு பக்கத்துச் செம்பனை ஆலையில் லோரிகளுக்கு எடை போட்டுவிட்டு வருவேன். நீ கைக்கறையோடு வருவாய். வீதியில் யாராவது பெரிய குழாய் போட்ட காரில் உறுமிக்கொண்டு போனால் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாய்.

"சத்தம் தான் லா ஏறும். வேகம் ஏறாது."

நான் எதுவும் தெரியாதவன். "அப்பறம் எதுக்கு எல்லாரும் மாத்துறாங்க?" என்று கேட்டேன்.

"காது நம்புது மச்சான். சத்தம் பெருசா கேட்டா காடி வேகமா போற மாதிரி இருக்கும். மீட்டரப் பாத்தா அதே வேகம் தான்." பிறகு மேசையில் சிந்திய தேநீரை விரலால் இழுத்துக் காட்டினாய். "ஆத்துத் தண்ணி எங்க வேகமா ஓடும்? ஒடுக்கமான எடத்துல. அகலமா இருந்தா தேங்கி நிக்கும். சின்ன எஞ்சினுக்குப் பெரிய பைப்பு போட்டா புகையும் அப்படித்தான். கீழ் வேகத்துல இழுவை போயிரும். மேடு ஏறாது."

"அப்ப மாத்துறதே வேஸ்ட்டா?"

"அப்படியும் சொல்ல முடியாது. டர்போ காடின்னா வேற கதை. எஞ்சின் பக்கத்துலருந்து பின்னால வரைக்கும் அளவு பாத்து மாத்தி, கம்ப்யூட்டரயும் திருத்துனா கொஞ்சம் கெடைக்கும். பழைய பைப்பு துருப்புடிச்சு அடைச்சுக் கெடந்தா, புதுசு போட்டா போன சக்தி திரும்பி வரும். நம்பள மாதிரி ஆளுங்க ஓட்டுற காடிக்குப் பின்னால ஒரு பெரிய குண்டா மாட்டுனா, பக்கத்து வீட்டுப் பிள்ள தூக்கம் கெடும். அவ்வளவுதான்."

இத்தனையும் நீ சொன்னவை. அப்போது என் அம்மா இருந்தார். ஒருநாள் அடைமழையில் அவருக்கு மூச்சு முட்டியபோது, என் கார் சேற்றில் இறங்கிக் கிடக்க, நீ டோவ்கேயின் வண்டியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு லாபுவரை வந்தாய். அம்மாவைக் கையில் தூக்கிக்கொண்டுபோய்ப் பின் இருக்கையில் கிடத்தி மருத்துவமனைக்கு ஓட்டினாய். மறுநாள் டோவ்கேயிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை நீ சொல்லவே இல்லை. வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. என் தங்கையைக் கேட்டு நீ வந்தபோது அம்மா ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லை. "அவன் நம்ப பிள்ள" என்றார். பேச்சுக்கு மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த நாம் உறவிலும் மச்சான் ஆனோம்.

பிறகு ரஹாங்கில் நீ சொந்தக் கடை போட்டாய். எக்சோஸ் மட்டும் பார்க்கும் கடை. முதலில் கூட்டம் வரவில்லை. நீ பெரிய கடைகளின் காணொளிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்து, "உன் விரா காடிக்கு ஒரு எக்சோஸ் போட்டுத் தரேன், இனாம். மாத்துறதுக்கு முன்னால ஒரு தடவ, மாத்துன பிறகு ஒரு தடவ, லாபு மேட்டுல ஓட்டிப் பாப்போம்" என்றாய்.

"சத்தம் தான் ஏறும்னு நீ தானே சொன்ன?"

"இது புது டிசைன் லா. அளவு பாத்து நானே வளைச்சது. நீயே ஓட்டு. உனக்கு வித்தியாசம் தெரியலன்னா கழட்டிப் போட்டுடறேன்."

இதைவிட நியாயமாக யார் பேச முடியும்? நானே ஓட்டுவது, நானே தீர்ப்புச் சொல்வது.

மேட்டின் அடியில் சிறுபாலம், உச்சியில் தண்ணீர்த்தொட்டி. தங்கை தொட்டியருகே கைப்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். கிளம்பும்முன் நீ முன்மூடியைத் திறந்து, "எண்ணெய் பாத்துக்கிறேன்" என்றாய். நான் பக்கத்தில் நின்று உனக்குத் துடைக்கக் காகிதம் கொடுத்தேன். பழைய குழாயோடு ஏறினேன். வண்டி முக்கியது. அதே மேட்டில் எத்தனையோ முறை ஏறியவன், அன்று ஏனோ கூடுதலாக முக்குவதாகத் தோன்றியது. வயதான வண்டி, காலைக் குளிர் என்று நினைத்துக்கொண்டேன். கடைக்குப் போய் நீ புதுக் குழாயை மாட்டினாய். திரும்பி வந்து ஏறினேன். வண்டி உறுமிக்கொண்டு எழும்பியது. தங்கை கைப்பேசியை உயர்த்திக் காட்டினாள். நேரம் நன்றாகக் குறைந்திருந்தது.

நீ கைப்பேசியை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாய். "சொல்லு மச்சான்."

கல்யாண மேடைகளிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒலிவாங்கி பிடித்து அறிவிப்புச் செய்து பழகியவன் நான். தயக்கமே இல்லாமல் வந்தது. "வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியும். நான் என் சொந்தக் கண்ணால் பார்த்தேன், என் சொந்தக் கையால் ஓட்டினேன். இந்த எக்சோஸ் மாற்றிய பிறகு லாபு மேட்டில் என் கார் பறக்கிறது."

அந்தக் காணொளி உன் கடையின் இணையப் பக்கத்தில் ஏறியது. கோலா சாவாவிலிருந்தும் நீலாயிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒரு கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் ஒருவர் என்னிடம், "அண்ணே, நீங்க சொன்னீங்கன்னு போட்டேன்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. உன் கடை நிமிர்ந்துவிட்டது என்று தங்கையும் நானும் மகிழ்ந்தோம்.

லெட்சுமி அக்காவை உனக்கு நினைவிருக்கும். கோலா சாவா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் அக்கா. கணவர் இறந்தபின் அவருடைய பழைய வேனைத் தானே ஓட்டப் பழகியவர். ஒருநாள் ஆலை வாசலில் அவர் வேன் நின்றது. உள்ளே வரவில்லை. நான்தான் வெளியே போனேன்.

"தம்பி, நான் சண்ட போட வரல. ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கக்கா."

"உங்க மச்சான் கடையில எக்சோஸ் மாட்டுன பிறகு வேன் மேடு ஏற மாட்டேங்குது. பிள்ளைங்க நெறய இருந்தா ஒண்ணாம் கியர்லதான் போகுது. சத்தத்துல பிள்ளைங்களுக்குத் தலவலி. தாய்மாருங்க வேற வேனுக்கு மாத்துறாங்க. நேத்து ரோட்டுல மறிச்சு சம்மன் வேற குடுத்துட்டாங்க. கடையில கேட்டா, கொஞ்ச நாளு ஓட்டுங்க, எஞ்சின் பழகணும்னு சொல்றாரு." வேனைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க சொன்னதாலதான் போட்டேன் தம்பி. உங்க காடிக்கு நெசமாவே ஏறுச்சா?"

"ஏறுச்சுக்கா. நானே ஓட்டுனேன்."

சொன்னேன். ஆனால் அவர் வேனை முடுக்கிப் போகும்போது, மேசையில் நீ இழுத்த தேநீர்க் கோடு எனக்கு ஞாபகம் வந்தது. சின்ன எஞ்சின், பெரிய குழாய், மேடு ஏறாது. இதை எனக்குச் சொன்னவன் நீ.

மறுநாளே உன் கடைக்கு வந்தேன். என் பழைய குழாயைத் திரும்ப மாட்டச் சொன்னேன்.

"அத எப்பவோ தூக்கிப் போட்டாச்சு லா."

"பின்னால செவுத்தோரமா சாஞ்சு கெடக்கு. இப்பதான் பாத்தேன்."

நீ ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் படுத்தாய். அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். போல்ட் முறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

லாபு மேட்டுக்கு லெட்சுமி அக்காவையும் வரச் சொல்லியிருந்தேன். தொட்டியருகே அவர் என் கைப்பேசியோடு நின்றார். நீ என் பக்கத்து இருக்கையில். பழைய குழாயோடு ஏறினேன். வண்டி சத்தமில்லாமல், சிரமமில்லாமல் ஏறியது. அக்கா கைப்பேசியை நீட்டினார். உன் புதுக் குழாயோடு ஏறிய நேரத்தைவிட ஒரு மயிரிழை குறைவாகவே இருந்தது.

அக்கா வேனருகே போய் நின்றுகொண்டார். நீ இறங்கித் தொட்டிக்குப் பின்னால் போனாய். நான் பின்னால் வந்தேன்.

"அன்னிக்கி மட்டும் ஏன் முக்குச்சு?"

நீ செம்பனை வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"கேக்குறேன்ல."

"துணி வச்சேன்."

"என்ன துணி?"

"எஞ்சினுக்குக் காத்து போற பைப்புல. மொத ஓட்டத்துக்கு மட்டும். பைப்பு மாத்தும்போது எடுத்துட்டேன்." பிறகு, ஏதோ சின்ன விஷயம்போல, "எல்லாக் கடையும் ஏதாச்சும் பண்ணித்தான் லா காட்டுறாங்க. வெளம்பரம் தானே" என்றாய்.

முன்மூடிக்குப் பக்கத்தில் நின்று உனக்குக் காகிதம் நீட்டிக்கொண்டிருந்தேன் மச்சான். என் கண்ணெதிரில்தான் அதை அடைத்திருக்கிறாய்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அதற்கு நீ சொன்ன பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. தலையைக் குனிந்திருந்தால், பயந்துட்டேன் என்று சொல்லியிருந்தால், அங்கேயே உன் தோளைப் பிடித்திருப்பேன். நீ கிட்டத்தட்ட சிரித்தாய்.

"உனக்கு நடிக்க வராது மச்சான். மூஞ்சியே காட்டிக் குடுத்துரும். நீ நெசமா நம்பணும். அப்பதான் அவங்க நம்புவாங்க. உன்ன மாதிரி ஆளு வேற யாரு இருக்கா?"

அதைப் பாராட்டாகச் சொன்னாய். இன்றுவரை என்னால் விழுங்க முடியாதது அதுதான். நான் பொய் சொல்லமாட்டேன் என்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்து வந்தவன் நீ. அதை எடுத்துத்தான் விற்றிருக்கிறாய்.

"அந்த வீடியோவ எடுத்துரு. லெட்சுமி அக்கா மாதிரி எத்தன பேரு இருக்காங்களோ, எல்லாத்துக்கும் பழைய பைப்ப மாட்டிக் குடு."

"அது தான் இப்ப எனக்குச் சோறு போடுது. உன் தங்கச்சிக்கும் அது தான் சோறு போடுது. யோசிச்சுப் பேசு."

நான் யோசித்தேன். அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நின்றேன். "உங்களயும் ஏமாத்திட்டாரா தம்பி" என்று மட்டும் கேட்டார். வேனை வேறொரு கடைக்கு ஓட்டிப்போய்ப் பழைய அளவுக் குழாயை மாட்டச் சொல்லிக் கூடவே நின்றேன். வேன் பழையபடி ஏறியது. வேறு வண்டிக்குப் போன பிள்ளைகளில் சிலர் திரும்பினார்கள், சிலர் திரும்பவில்லை.

அதன்பிறகு யார் கேட்டாலும் உண்மையைச் சொன்னேன். கல்யாண மண்டபத்தில், ஆலை வாசலில், தேநீர்க்கடையில். மேடை போட்டுச் சொல்லவில்லை, கேட்டவர்களுக்குச் சொன்னேன். ஒரு சாயங்காலம் தங்கை கூப்பிட்டாள்.

"அண்ணா, ஊர் பூரா அவரப் பத்தி சொல்லிக்கிட்டுத் திரியிறியாம்."

"கேக்குறவங்களுக்குச் சொல்றேம்மா."

"அவரு பொய்யா சொன்னாரு? நேரம் பாத்தது நான். எங்கண்ணால பாத்தேன்."

துணியைப் பற்றிச் சொன்னேன். "அவரு அப்படிச் செய்ய மாட்டாரு" என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்தத் தீபாவளிக்கு அவள் வரவில்லை. நீயும் வரவில்லை. பலகாரத்தட்டை மூடிவைத்துவிட்டு நானும் என் மனைவியும் தொலைக்காட்சி பார்த்தோம்.

நீ என்ன நினைத்தாய் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் வருவாய், "போ லா, ரொம்பத்தான் கோச்சுக்கிற" என்பாய், நான் கத்துவேன், நீ கேட்டுக்கொள்வாய் என்று காத்திருந்தேன். உன் கடையில், ஒரு காரைத் தூக்கி நிறுத்திவிட்டு அதன் கீழேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாய் என்றார்கள். தங்கை கைப்பேசியில் "அண்ணா, வா" என்றாள். நான் வந்தபோது உன் கையில் கறை அப்படியே இருந்தது. துடைத்துவிட்டேன்.

ஏமாற்றம் என்பது அந்த ஒரு நாளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பின்னால் போய் எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறது. அம்மாவை மழையில் தூக்கிப் போனாயே, அது உன் மனசா, இல்லை அப்போதே என் தங்கைமேல் கண் வைத்திருந்தாயா? என் பேச்சு நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொரு திருவிழாவிலும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாயே, அது ரசனையா, இல்லை அளவெடுத்தாயா? அம்மாவை நீ தூக்கியது உண்மை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சந்தேகிக்கிறேன். அந்த மழையைக்கூட என்னிடம் முழுதாக விட்டுவைக்காமல் போய்விட்டாய்.

பதினாறாம் நாள் காரியத்தில் தங்கை என்னிடம் வந்தாள். "நாலு வார்த்த நல்லதா பேசுண்ணா." ஒலிவாங்கியைக் கையில் வாங்கினேன். இப்படி எத்தனையோ பேருக்குப் பேசியிருக்கிறேன். 'நாணயமான உழைப்பாளி' என்பது நான் தவறாமல் சொல்லும் சொல். எல்லாருக்கும் அது தெரியும். கடைசி வரிசையில் லெட்சுமி அக்கா வெள்ளைச் சேலையில் உட்கார்ந்திருந்தார்.

மழையில் அம்மாவைக் கொண்டுபோனதைச் சொன்னேன். திருப்பத்தில் வரும் வண்டி யாருடையது என்று பார்க்காமலே சத்தத்தில் சொல்லிவிடுவாய் என்று சொன்னேன். கூட்டம் லேசாகச் சிரித்தது. என் தங்கையை நீ ஒருநாளும் கடிந்து பேசியதில்லை என்று சொன்னேன். அதன்பிறகு எல்லாரும் எதிர்பார்த்த சொல் என் வாய்வரை வந்தது. வணக்கம் சொல்லி ஒலிவாங்கியை வைத்துவிட்டேன்.

தங்கை சமையலறையில் என்னைப் பிடித்தாள். "ஒரு வார்த்தய விட்டுட்ட."

"ஆமா."

அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சில வாரம் கழித்து அவளே என் வீட்டுக்கு வந்தாள். உன் கடையைக் காலிசெய்தபோது உன்னிடம் வேலைபார்த்தவர் துணி விஷயத்தை அவளிடமும் சொல்லியிருக்கிறார். உட்காரவில்லை. கைப்பையிலிருந்து உன் கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அந்த வீடியோவ எடுத்துரலாம்னு பாத்தேண்ணா. தொறக்க மாட்டேங்குது. அவரு கைரேகைதான் வச்சிருந்தாரு. நம்பர் எனக்குச் சொன்னதில்ல."

பிறந்தநாள், திருமண நாள், கடை திறந்த நாள் என்று தெரிந்த எண்களையெல்லாம் இருவரும் போட்டுப் பார்த்தோம். கைப்பேசி பூட்டிக்கொண்டது. அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். உனக்காக அழுதாளா, உன்மேல் கோபத்தில் அழுதாளா, நான் கேட்கவில்லை.

ஆக, காணொளி அங்கேயே இருக்கிறது. உன் கடை இல்லை, நீ இல்லை, நான் மட்டும் அதில் இன்னும் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் கீழே கேள்வி எழுதுகிறார்கள். வாரத்துக்கு ஒருமுறை நான் போய்ப் பார்க்கிறேன். போன வாரம் ஒருவர், "அண்ணே, இது நெசமா? எங்கிட்டயும் விராதான் இருக்கு" என்று எழுதியிருந்தார். ஒவ்வொருவருக்கும் எழுதுவதையே அவருக்கும் எழுதினேன்: "பேசுவது நான்தான். சொன்னது தவறு. பழைய குழாய் அடைப்பில்லாமல் இருந்தால் அப்படியே விடுங்கள்."

உன் பெயரை நான் எங்கும் எழுதுவதில்லை. அது என் தங்கைக்காக, மச்சான். உனக்காக என்று எடுத்துக்கொள்ளாதே.